பழைய மரத் தளவாடங்களைப் பேணும் தொழில்

பஞ்சாயத்து அலுவலகத்தின் பின்னறையிலோ, ஊர்ச் சாவடியிலோ, பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்திலோ கால் ஒடிந்த மேஜை ஒன்றும், மூடி கழன்ற பெட்டகம் ஒன்றும், கை போன சாய்வு நாற்காலி ஒன்றும் கிடப்பது பல கிராமங்களில் காணக்கூடிய காட்சியே. ஆண்டு முடிவில் தளவாடப் பதிவேட்டைச் சரிபார்க்கும்போது இவற்றுக்கு நேராக 'உபயோகமற்றவை' என்று குறித்து, ஏலம் போட்டு, விறகு விலைக்குத் தள்ளிவிடுவது வழக்கம். ஏலம் எடுத்தவர் அவற்றை விறகாக எரிப்பது அரிது. சில மாதங்களுக்குப் பின் அதே பெட்டகம் நகரத்துக் கடையொன்றில் மெருகேறி நிற்கும். அல்லது அதன் பலகைகள் பிரிக்கப்பட்டு வேறொரு மேஜையின் மேற்பரப்பாக மாறியிருக்கும்.

ஏலத்தில் தள்ளாமல் வைத்துக்கொள்ள விரும்பும் ஊர்களிலும் நிலைமை பெரிதும் மேலானதன்று. ஒரு தொகையை ஒதுக்கி, 'புதிதுபோல ஆக்கிக் கொடுங்கள்' என்று தச்சரிடம் ஒப்படைக்கிறார்கள். அவரும் சொன்னபடியே செய்கிறார். காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றிப் பழைய மெருகை உரிக்கிறார், உப்புத்தாளால் தேய்க்கிறார், ஆடுகின்ற மூட்டுகளில் இரும்பு ஆணி அறைகிறார், மேலே பளபளக்கும் வார்னிஷ் பூசுகிறார். சாமான் புதிதுபோல ஆகிவிடுகிறது. அதில் பழையது என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. இதில் தச்சர் மீது குற்றமில்லை. அவர் கற்ற தொழில் புதிது செய்வது. பழையதைப் பேணுவது அதனினும் வேறான ஒரு தொழில். அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும். அத்தொழில் யாது, அதன் பாடங்கள் எவை, நம் கிராமத் தச்சர்கள் அதனைக் கற்பதற்குப் பஞ்சாயத்துகள் செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்குக் கவனிப்போம்.

எவை பழந்தளவாடங்கள்?

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள கலைப்பொருளும் கைவினைப் பொருளும் தொல்பொருளாகக் கொள்ளப்படும். 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்கீழ் அத்தகைய பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. உள்நாட்டில் அவற்றை வாணிகம் செய்வதற்கும் உரிமம் பெறவேண்டும். ஊரில் பெட்டகம் வாங்க வருபவரிடம் அந்த உரிமத்தைக் காட்டும்படி கேட்கும் பஞ்சாயத்துத் தலைவர் எத்தனை பேர் இருப்பர் என்பது ஐயமே.

தமிழ்நாட்டில் பழந்தளவாடம் என்றதும் செட்டிநாடு நினைவுக்கு வரும். பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழிலும் வாணிகமும் நடத்திய நகரத்தார் குடும்பங்கள், பர்மாத் தேக்கைக் கப்பலில் வரவழைத்துப் பெரிய வீடுகளைக் கட்டினர். அம்மரத்திலேயே தூண், கதவு, ஊஞ்சல் பலகை, பெட்டகம், கணக்குப்பெட்டி யாவும் செய்யப்பட்டன. 1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்த தொழில் நிலைகுலைந்தது. பின்னர் வீடுகள் பங்காளிகளிடையே பாகம் பிரிந்தன. பராமரிக்க முடியாத வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றிலிருந்த சாமான்கள் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருட் கடைகளுக்கு வந்தன. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் வீட்டுச் சுவரைப் பற்றி எடுத்துக்கொள்ளும் கவலையில் பாதியைக்கூட அவ்வீட்டுக் கட்டிலைப் பற்றி யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

செல்வர் வீட்டுச் சாமான்கள்தாம் பேணத்தக்கவை என்று எண்ணுவது தவறு. 1980 நவம்பரில் தமிழ்நாட்டில் மணியம், கர்ணம் முதலிய பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பதிவேடுகள் புதிய அலுவலர்களிடம் சென்றன; அவற்றை வைத்திருந்த பெட்டிகளும் சாய்வு மேஜைகளும் பல ஊர்களில் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டன. ஒரு கிராமத்தின் நிலவரி எவ்வாறு எழுதப்பட்டது, எழுதியவர் தரையில் அமர்ந்து எழுதினாரா, நாற்காலியில் அமர்ந்து எழுதினாரா என்பதை அச்சாய்வு மேஜையின் உயரமே சொல்லிவிடும். அதுபோலவே நெல் கொட்டி வைத்த பத்தாயமும், அளந்த மரக்காலும், பள்ளியின் பழைய விசிப்பலகையும் ஊரின் வரலாற்றுச் சான்றுகள். கோயில் தேர்களும் வாகனங்களும் தனி முறைக்கும் தனி அனுமதிக்கும் உட்பட்டவையாதலால் அவற்றை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

மீண்டும் கிடையாத மரம்

உழவர்கள் மரத்தை அறிந்தவர்கள். வைரம் பாய்ந்த மரத்துக்கும் வெள்ளை மரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பழைய பெட்டகத்தின் ஒரே பலகை இரண்டடி அகலம் இருப்பதைக் காணலாம். அவ்வளவு அகலத்துக்கு வைரமே தருகின்ற தேக்கு, பல தலைமுறை நின்று முற்றிய காட்டு மரம். பர்மா அரசு 2014 ஏப்ரல் 1 முதல் மரத்தை உருட்டாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் நாம் அழைக்கும் மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. 2017 ஜனவரியிலிருந்து அவ்வினம் முழுவதும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்துவிட்டது. ஆகவே விறகு விலைக்குப் போகும் பெட்டகத்தில் வேலைப்பாடு ஏதும் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், அந்த மரத்துக்கு ஈடாக மற்றொன்றை வாங்குவது எளிதன்று.

பேணுதல் என்னும் கருத்து எவ்வாறு தோன்றியது?

முன்னாளில் மேனாடுகளிலும் பழையதைப் புதிதாக்குவதே பழுது பார்த்தல் எனப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பழைய மாதாகோயில்களின் சுவர்ப்பூச்சைச் சுரண்டி எடுத்துப் புதுப்பித்த முறையைக் கண்டித்து, வில்லியம் மாரிஸ் என்பவர் 1877-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் கண்டார். 'சுரண்டாதே சங்கம்' என்று பொருள்படும் செல்லப்பெயரும் அதற்கு வழங்கிற்று. கட்டடங்களுக்காக எழுந்த அக்கருத்து நாளடைவில் ஓவியம், தளவாடம் முதலியவற்றுக்கும் பரவியது. 1939-ஆம் ஆண்டில் ரோம் நகரில் கலைப்பொருள்களைச் சீர்செய்வதற்கென ஒரு மத்திய நிறுவனம் ஏற்பட்டு, இதனை ஆராய்ச்சியோடு கூடிய படிப்பாக்கியது. இங்கிலாந்தின் தென்பகுதியில் 1971-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வெஸ்ட் டீன் கல்லூரியில் பழந்தளவாடம் பேணுதல் ஒரு தனிப் பாடமாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது.

நம் நாடும் இதில் பின்தங்கியதன்று. சென்னை அருங்காட்சியகத்தில் வெண்கலத் திருமேனிகளின் களிம்பை நீக்கிக் காப்பதற்காக 1930-ஆம் ஆண்டிலேயே ஓர் இரசாயன ஆய்வுக்கூடம் ஏற்பட்டது, எஸ். பரமசிவன் என்னும் விஞ்ஞானி அதனை வளர்த்தார். 1976-ஆம் ஆண்டில் லக்னோவில் தேசிய ஆய்வுக்கூடம் ஒன்றும், 1984-ஆம் ஆண்டில் 'இன்டாக்' என்னும் மரபுப் பாதுகாப்பு நிறுவனமும் தோன்றின. இவை அளித்துவந்த பயிற்சிகள் பெரும்பாலும் அருங்காட்சியக ஊழியர்களையும் பட்டதாரிகளையும் நோக்கியவை. உளி பிடிக்கும் கிராமத் தச்சர் அவற்றின் வாசலை எட்டுவது அருமை. பட்டதாரிக்கு இரசாயனம் தெரியும், மரத்தின் போக்குத் தெரியாது. தச்சருக்கு மரத்தின் போக்குத் தெரியும், இரசாயனம் தெரியாது. இவ்விரண்டையும் ஒரே கையில் சேர்ப்பதுதான் இத்தொழிற்பயிற்சியின் நோக்கம்.

இத்தொழிலுக்கு இரண்டு விதிகள் உண்டு. வேண்டிய அளவுக்கு மேல் கை வைக்கலாகாது என்பது ஒன்று. இன்று நாம் செய்வதை நாளை வருபவர் சேதமின்றிப் பிரித்தெடுக்கக் கூடியதாக இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. பின்வரும் பாடங்கள் அனைத்தும் இவ்விரண்டின் விரிவே.

உளியைத் தொடுமுன்

பயிற்சி பெறுபவர் முதலில் கற்கவேண்டுவது எழுதுவது. சாமானின் நீளம், அகலம், உயரம், மரவகை, மூட்டுகளின் அமைப்பு, முன்பு நடந்த பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் குறித்து, நாற்புறமும் அடியிலும் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இழுப்பறையை வெளியே எடுத்து அதன் அடிப்பலகையைப் பார்ப்பது மிக அவசியம். வெளிப்பக்கத்தை எல்லோரும் துடைத்து மெருகிட்டிருப்பார்கள். உட்பக்கத்தில்தான் வாச்சியின் வெட்டும், இழைப்புளியின் அலையும், தச்சர் பென்சிலால் இட்ட குறியும் அப்படியே இருக்கும். இரம்பத்தின் பற்கள் விட்ட கோடுகள் நேராக இருந்தால் கையால் அறுத்த பலகை எனவும், வட்டக் கோடுகளாக இருந்தால் இயந்திர வட்டவாளால் அறுத்தது எனவும் அறியலாம். இவற்றை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் சாமானின் வயதையும் பிறப்பையும் சொல்லும் சான்று போய்விடும்.

மரத்தை இனங்காண்பது அடுத்த பாடம். புதிதாக வெட்டிய பலாவின் மஞ்சள் நிறம் நாளடைவில் செம்பழுப்பாக மாறும். பூவரசின் வைரம் கறுத்த சாக்லெட் நிறம் கொள்ளும். தேக்கு தொட்டால் எண்ணெய்ப் பசையோடிருக்கும், சீவினால் தோல் மணம் வீசும். நிறம் ஏமாற்றும், ஆதலின் பலகையின் வெட்டுமுகத்தைப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைக்கண்ணாடியால் பார்த்து, நுண்துளைகளின் வரிசையைக் கொண்டு தீர்மானிக்கப் பழகவேண்டும். உள்ளூர் மரங்கள் பத்தின் துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டால் இதற்கு வேறு பாடப்புத்தகம் தேவைப்படாது.

கரையானும் உளுவும்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வீண் செலவு நேருகிறது. கரையான் மண்ணிலிருந்து ஏறி வருவது. அதனைத் தடுக்க, சாமானை ஈரச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைப்பதும், கால்களைக் கல் மேல் நிறுத்துவதும், மண்கோடு தென்படுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பதுமே முதற்காரியம். உளுத்தலைச் செய்வது சிறு வண்டின் புழு. அது மரத்துக்குள்ளேயே பிறந்து, அதிலுள்ள மாச்சத்தைத் தின்று வளர்ந்து, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துளையிட்டு வெளியேறும். வெள்ளைப் பகுதியையே அது பெரிதும் தாக்கும். தேக்கின் வைரத்தை அனேகமாகத் தொடாது.

துளை இருப்பதைக் கண்டதும் மருந்து தேடி ஓடவேண்டுவதில்லை. துளை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்டதாகவும் இருக்கலாம். சாமானைத் தனியே வைத்து, அடியில் கறுப்புத் தாள் ஒன்றை விரித்துச் சில வாரங்கள் பார்க்கவேண்டும். மாவு போன்ற புதுத்தூள் விழுந்தால் புழு உயிரோடிருக்கிறது. விழாவிட்டால் அது பழைய கதை. புழு இருப்பதாகத் தெரிந்தால் அருங்காட்சியகங்களில் அப்பொருளைக் காற்றுப் புகாத உறையிலிட்டு, உறைநிலைக்கு 20 பாகை கீழான குளிரில் இரண்டு வாரம் வைப்பர். அல்லது உறையினுள்ளிருந்து பிராணவாயுவை நீக்கிவிடுவர். கிராமத்தில் மெருகிடாத உட்பலகைகளுக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசலாம்; மெருகிட்ட முகப்பில் படலாகாது. மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கத்தை அடியோடு கைவிடவேண்டும். அது ஆழத்திலுள்ள புழுவை முற்றிலும் எட்டுவதில்லை. கறையும் நாற்றமும் தீப்பிடிக்கும் அபாயமுமே மிச்சம்.

மூட்டும் பசையும்

பழைய மேஜையின் உறுதி முழுவதும் அதன் மூட்டுகளில் இருக்கிறது. துளையும் கழுந்துமாகச் செருகி, குறுக்கே மர ஆணியோ மூங்கில் ஆணியோ அடித்து இறுக்குவது நம் தச்சர்களின் வழக்கம். இழுப்பறைகளின் மூலையில் புறாவால் மூட்டு இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கழுந்து சற்றே சுருங்கும். பசை காய்ந்து பொடியும். மேஜை ஆடத் தொடங்கும். இப்போது மூலையில் ஓர் இரும்பு ஆணியை அறைந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் ஆணி கழுந்தைப் பிளக்கிறது; ஈரம் பட்டுத் துருவேறியதும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு கூடி அவ்விடத்தைக் கறுக்கச் செய்கிறது; கறுத்த மரம் வலுவிழக்கிறது. சில ஆண்டுகளில் அதே மூட்டு மீண்டும் ஆடும். அப்போது அதைப் பிரிக்கவும் முடியாது, இறுக்கவும் முடியாது.

சரியான முறை நிதானமானது. மர ஆணியைப் பின்புறமிருந்து மெல்லத் தட்டி எடுத்து, மூட்டைப் பிரித்து, பழைய பசையை வெந்நீர் தோய்த்த துணியால் மென்மையாக்கித் துடைத்தெடுக்க வேண்டும். கழுந்து தளர்ந்திருந்தால் அதே வகை மரத்தில் சீவிய மெல்லிய தகட்டை அதன் பக்கத்தில் ஒட்டிப் பருமனாக்க வேண்டும். கழுந்தையே வெட்டிவிட்டுப் புதிது செருகுவது கடைசி வழி. பிறகு பசையிட்டு, கயிற்றாலோ பிடிகருவியாலோ இறுக்கி, ஓர் இரவும் பகலும் அசையாமல் விடவேண்டும்.

எந்தப் பசை என்பதே இங்கு முக்கியமான கேள்வி. நம் முன்னோர் பயன்படுத்தியது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம். 1959-ஆம் ஆண்டில் ஃபெவிகால் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தபின், காய்ச்சும் தொல்லையில்லாத வெண்பசை ஊர் ஊராகப் பரவி, வச்சிரச் சட்டியை மூலையில் தள்ளிவிட்டது. புதுச் சாமானுக்கு வெண்பசை நல்லதே. பழைய சாமானில் அதனை இட்டால், பிற்காலத்தில் மூட்டைப் பிரிக்க நேரும்போது பசை விடாது, மரந்தான் பிளக்கும். வச்சிரமோ வெப்பமும் ஈரமும் பட்டவுடன் இளகிவிடும். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒட்டியதை இன்று பிரிக்க முடிவதும், இன்று ஒட்டுவதை நூறு ஆண்டுகளுக்குப் பின் பிரிக்க முடிவதும் இதனாலேயே. ஈரத்துக்கு இளகுவது அதன் குறையும் ஆகும். ஆகையால் ஒழுகும் கூரையின்கீழ் கிடக்கும் சாமானுக்கு வச்சிரம் இடுவதற்குமுன் கூரையைச் சரிசெய்ய வேண்டும்.

வச்சிரம் காய்ச்சும் முறை எளிது. எடையில் ஒரு பங்கு வச்சிரத்துக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் அப்பாத்திரத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்க வேண்டும். நேரடி நெருப்பில் வைக்கலாகாது. 65 பாகைக்கு மேல் சூடேறினால் வலு குறையும். காய்ச்சியதைப் பல நாள் வைத்துச் சூடாக்கிக்கொண்டே இருப்பதும் கூடாது. முதியவர்களான தச்சர்கள் பலருக்கு இம்முறை இன்றும் நினைவில் இருக்கும். இளைஞர்கள் அதை அவர்களிடமிருந்தே கற்றுக்கொள்வது மேல்.

வெடிப்பு ஏன் உண்டாகிறது?

மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றுக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. நீளவாக்கில் அது நீள்வதுமில்லை, குறுகுவதுமில்லை என்றே சொல்லலாம்; அகலவாக்கில் மட்டும் அசையும். இரண்டடி அகலமுள்ள பலகை ஐப்பசி அடைமழைக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையே சில மில்லிமீட்டர் கூடிக் குறையும். பழைய தச்சர்கள் இதனை அறிந்து, அலமாரிக் கதவின் நடுப்பலகையை நாற்புறச் சட்டத்தின் காடிக்குள் பசையின்றிச் செருகி, அசைய இடம் விட்டனர். அது 'கடகட' என்று ஆடுவதைக் குறையென்று கருதி, நாம் ஆணியடித்து நிறுத்துகிறோம். அடுத்த கோடையில் பலகை குறுக முயன்று, ஆணி விடாமையால், நடுவே வெடிக்கிறது. நகரத்துக்கு விலைபோன ஊஞ்சல் பலகைகள் குளிர்சாதன அறைகளில் பிளப்பதும் இதே காரணத்தால்தான்.

வெடிப்பைக் கோடையில் இறுகிய மக்கு வைத்து அடைப்பது மற்றொரு தவறு. மழைக்காலத்தில் பலகை விரியும்போது மக்கு இடம் கொடாமல் நெருக்க, பக்கத்தில் இன்னொரு வெடிப்பு உண்டாகும். வெடிப்பு சாமானின் உபயோகத்தைக் கெடுக்காவிட்டால் அப்படியே விட்டுவிடுவது நலம். அடைத்தே தீரவேண்டுமாயின், அதே மரத்தின் மெல்லிய சீவலை அதன் இழைப்போக்கிலேயே அமைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் பசையிட்டுப் பொருத்தவேண்டும். மறுபக்கம் அசைவுக்கு விடப்படும். பார்வைக்குச் சிறிய வேலை. ஆனால் மரம் அறிந்தவர் செய்ததா, அறியாதவர் செய்ததா என்பது இதில் தெரிந்துவிடும்.

மெருகும் அழுக்கும்

பழைய மரத்தின் ஆழ்ந்த நிறம் வெளிச்சத்தாலும் காற்றாலும் பலர் கை பட்டதாலும் உண்டானது. அந்நிறம் மேற்பரப்பில் காகிதத் தடிப்புக்கும் குறைவாகவே இருக்கிறது. உப்புத்தாளால் பத்து நிமிடம் தேய்த்தால் அது போய்விடும். மீண்டும் வர ஒரு வாழ்நாள் ஆகும். ஆகவே முதலில் மென்மயிர்த் தூரிகையால் தூசியைத் தட்டவேண்டும். பிறகு நன்கு பிழிந்த ஈரப்பஞ்சால் சிறிது சிறிதாகத் துடைத்து உடனே உலர்த்தவேண்டும். மேனாட்டு ஆய்வுக்கூடங்களில் நுண்ணிய பரப்புகளைத் துடைக்கப் பஞ்சை எச்சிலால் நனைக்கும் வழக்கம் உண்டு. எச்சிலிலுள்ள செரிமானப் பொருள் சில அழுக்குகளை இளக்குவதே காரணம். எச்சில் பட்டது என்றால் முகம் சுளிக்கும் நம்மவர்க்கு வெறும் தண்ணீரே போதும்.

மெருகு எவ்வகையானது என்பதை அடிப்புறத்தில் மறைவான ஓரிடத்தில் சோதிக்கலாம். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்தால் பசபசவென்று இளகுமானால் அது அரக்கு மெருகு. அரக்கு மெருகில் தேய்ந்த இடத்துக்கு மட்டும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றினால் பழையதோடு கலந்துவிடும். பிற்காலத்தில் எடுக்கவும் இயலும். இக்கால இரசாயன வார்னிஷ்கள் அப்படியல்ல. இறுகியபின் உரித்துத்தான் எடுக்கவேண்டும், உரித்தால் நிறமும் உடன்போகும். மெருகு நன்றாக இருக்கும் சாமானுக்குத் தேன்மெழுகைக் கற்பூரத் தைலத்தில் இளக்கிய மெழுகை ஆண்டுக்கு ஒருமுறை மெல்லப் பூசித் துணியால் துடைத்தால் அதுவே போதுமானது. தைலம் தீப்பற்றக்கூடியது, அடுப்பருகே வைத்து இளக்கலாகாது. பித்தளைப் பூண்களையும் கைப்பிடிகளையும் புளியிட்டுத் துலக்கும் வழக்கம் நம் பெண்மணிகளிடம் உண்டு. குத்துவிளக்குக்கு அது தகும். மரத்தில் பதித்த பூணுக்குத் தகாது. புளிநீர் மரத்துள் இறங்கிக் கறையாக நிற்கும்.

யாருக்கு, எவ்வாறு பயிற்சி?

தொழிற்பயிற்சி நிலையங்களில் 1950-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் தச்சுப் பிரிவு உண்டு. 1957-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசுக் கல்லூரி சிற்பக்கலையைக் கற்பிக்கிறது. அரும்பாவூர் மரச்சிற்பமும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் அண்மைக் காலத்தில் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. புதியன செய்வதற்கு நம்மிடம் கைகளுக்குப் பஞ்சமில்லை. அக்கைகளில் சிலவற்றைப் பழையன பேணுவதற்குத் திருப்பவேண்டும் என்பதே நம் கருத்து.

இதற்கு ஏற்றவர் மிகுந்த வேகமுள்ள தச்சர் அல்லர். ஒரு நாளைக்கு எத்தனை கதவு செய்தோம் என்று எண்ணிப் பழகியவருக்கு, ஒரே மூட்டைப் பிரிக்க அரைநாள் காத்திருப்பது எளிதில் இசையாது. பொறுமையுள்ள இளைஞர் ஒருவரையும், வச்சிரமும் அரக்கும் கையாண்ட முதியவர் ஒருவரையும் ஒரே பட்டறையில் சேர்த்துவைப்பது சாலச் சிறந்தது. முதல் மூன்று மாதங்கள் எழுதுதல், இனங்காணல், தூசி துடைத்தல் ஆகியவற்றோடு நிறுத்தி, உளியைக் கொடாதிருக்கலாம். அதன்பின் உடைந்த சாமானின் மூட்டைப் பார்த்து அதேபோன்ற மூட்டொன்றைப் புதுமரத்தில் செய்து காட்டவேண்டும். செய்து காட்டியவர்க்கே பழையதைப் பிரிக்க உரிமை. இரசாயனப் பகுதியைக் கற்பிக்கச் சென்னை அருங்காட்சியகம் போன்ற இடங்களிலிருந்து வல்லுநரைச் சில நாட்களுக்கு அழைக்கலாம். ஒரு பஞ்சாயத்து தனியாக இதனை நடத்துவது கடினம். பஞ்சாயத்து ஒன்றியம் முன்வந்தால் அதன் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கிடக்கும் பழைய தளவாடங்களே பயிற்சிக்கு வேண்டிய வேலையைத் தந்துவிடும்.

கூலியைச் சாமான் கணக்கில் பேசாமல் நாள் கணக்கில் பேசவேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். சாமானுக்கு இவ்வளவு என்று பேசினால், விரைந்து முடிப்பவரே இலாபம் அடைவார். விரைந்து முடிக்கும் வழி உப்புத்தாளும் ஆணியுமே.

பயிற்சி பெற்றவர் கிடைக்கும் வரையில் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒன்று செய்யலாம். பழைய மரச் சாமானை ஏலத்துக்கு விடுமுன் கிராமசபையில் அறிவித்து, அதன் வயதையும் மரத்தையும் அறிந்த முதியவர்களைக் கேட்டு, அளவும் புகைப்படமும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதிவைக்கலாம். ஒழுகாத அறையில், சுவரிலிருந்து தள்ளி, கல்லின் மேல் நிறுத்தி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஒடிந்து விழுந்த துண்டு எவ்வளவு சிறிதாயினும் எறியாமல் துணிப்பையிலிட்டு அதே சாமானோடு கட்டிவைக்க வேண்டும். அத்துண்டு இல்லாவிட்டால் பின்னால் வரும் கைவினைஞர் ஊகத்தால் செதுக்க நேரும். பதிவேட்டின் நகலொன்றை இழுப்பறைக்குள் உறையிலிட்டு வைக்கலாம். பலகையில் ஒட்டலாகாது; ஒட்டிய பசையின் கறையை அகற்றுவது மற்றொரு வேலையாகிவிடும்.